நாற்றமும் மாற்றமும்



மார்கழித் திங்களில் வேங்கிக்காலில் கண் விழிப்பவனுக்குக் கடிகாரம் வேண்டுவதில்லை. எங்கள் ஊர் திருவண்ணாமலையை ஒட்டியது. பனி மூட்டத்தினூடே மலை கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே, ஒலிபெருக்கியின் வழியாகத் திருவெம்பாவை காதுக்கு வந்து சேர்ந்துவிடும். மாணிக்கவாசகர் அப்பாடல்களை அருளிச்செய்த இடம் திருவண்ணாமலை என்பது மரபு. கிரிவலப் பாதையில் ஆதிஅண்ணாமலையில் அவருக்குத் தனிக்கோயில் ஒன்றும் உண்டு. 20 பாடல்களுள் 18ஆம் பாடல் அண்ணாமலையாரின் பெயரையே எடுத்துரைக்கின்றது. ஆகவே, எங்கள் பகுதிப் பிள்ளைகள் அப்பாடல்களை எழுத்துக் கற்பதற்கு முன்பே செவிவழியாகக் கற்றுவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் என் பேர்த்தி கேட்டாள்: “தாத்தா, அமளி என்றால் சட்டமன்றத்தில் நடப்பதுதானே? அந்தப் பெண் ஏன் அமளியின்மேல் புரளுகிறாள்?”

நான் சிரித்துவிட்டேன். ஆனால், அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் அமளி என்றால் கூச்சல், குழப்பம். திருவெம்பாவையின் முதற்பாடலில் அமளி என்றால் படுக்கை. தெருவிலே இறைவனை வாழ்த்தும் ஒலி கேட்ட மாத்திரத்தில் ஒரு பெண் விம்மி, தன்னை மறந்து, மலர் நிறைந்த படுக்கையினின்றும் புரண்டு வீழ்கின்றாள். அடுத்த பாடலில், ‘இறைவன்மேல் அன்பு என்றாயே, இப்போது படுக்கையின்மேல் அன்பு வைத்துவிட்டாயோ?’ என்று தோழியர் மற்றொருத்தியைக் கேலி செய்கின்றனர். அமளியைக் குழப்பம் என்று கொள்வோமாயின் அந்தக் கேலியும் போய்விடும், அவள் கண்ணீரும் போய்விடும்.

நாள்தோறும் பாடப்படும் துதிப்பாடல்களில் இப்படிப் பொருள் மாறி நிற்கும் சொற்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணிவிட வேண்டா. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஆங்கிலம் கற்றபோது இதன் மற்றொரு முகத்தைக் கண்டேன். இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலின் 1662ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பிரிவென்ட்’ என்னும் சொல்லோடு தொடங்கும் வேண்டுதல் ஒன்று உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் தடுத்தல் என்பது பொருள். ‘ஆண்டவரே, எங்களைத் தடுத்தருளும்’ என்றா வேண்டுவார்கள்? இலத்தீனில் அது முன்னே வருதல் என்னும் பொருளில் பிறந்த சொல். நாங்கள் செய்யும் செயலிலெல்லாம் உமது அருளோடு எங்களுக்கு முன்னே செல்லும் என்பதே அவ்வேண்டுதலின் கருத்து. முன்னே செல்பவன் வழியை மறிக்கவும் கூடும் அல்லவா? அந்தக் கிளைப்பொருள் வளர்ந்தது, தாய்ப்பொருள் பட்டுப்போயிற்று. ஐசக் வாட்ஸ் என்பவரின் புகழ்பெற்ற துதிப்பாடல் ஒன்றில் இறைவனின் அரியணைக்கு ‘ஆஃபுல்’ என்னும் அடைமொழி வருகின்றது. அச்சமும் வணக்கமும் ஒருங்கே தோன்றச் செய்வது என்பது அன்றைய பொருள், படுமோசம் என்பது இன்றைய பொருள். பிற்காலத்துப் பதிப்பாசிரியர் சிலர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லை இட்டனர்.

அவர்களை நான் குறை கூற மாட்டேன். அதே வேலையை நானும் ஒரு முறை செய்திருக்கின்றேன்.

1998ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் மார்கழியை ஒட்டிச் சிவபுராணம் ஒப்புவித்தற் போட்டி ஒன்று ஏற்பாடு செய்தோம். பிள்ளைகளுக்குக் கொடுக்க 200 படிகள் அச்சிடுவதற்காகப் பாடலை நானே என் கையால் எழுதினேன். 95 அடிகள் கொண்ட அப்பாடலின் ஏறத்தாழ நடுவில் நாற்றம் என்னும் சொல் இறைவனைக் குறித்து வருகின்றது. என் எழுதுகோல் அங்கே நின்றது. வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னால் பின்வரிசை மாணவர் மூக்கைப் பொத்திக்கொள்வர், முன்வரிசை மாணவர் சிரிப்பர். அதனை நான் பலமுறை கண்டிருந்தேன். ஆதலின், நாற்றத்தை அடித்துவிட்டு வாசம் என்று திருத்தினேன். சீரை எண்ணிப் பார்த்தேன். தேமாங்காய் போய்த் தேமாங்காய் வந்தது. தளை தட்டவில்லை. திருவாசகத்துக்கே உதவி செய்துவிட்டவனைப் போல மகிழ்ந்தேன்.

போட்டிக்கு நடுவராக வந்தவர் முதிய ஓதுவார் ஒருவர். அச்சிட்ட தாளை வாங்கிப் படித்தார். மடியிலிருந்து ஒரு கரிக்கோலை எடுத்து, என் திருத்தத்தின் கீழே ஒரு கோடு இழுத்தார்.

“ஐயா, சீர் நிற்கிறது. எதுகை எங்கே போயிற்று?” என்று கேட்டார்.

அடுத்த அடியைப் பார்த்தேன். அது மாற்றம் என்று தொடங்குகின்றது. நாற்றம், மாற்றம் என்னும் இரண்டும் இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகையாய் நிற்பவை. வாசம் அந்த இணையை முறித்துவிட்டது. இலக்கணம் கற்பித்த வாத்தியார், எதுகை முறிந்ததைக் கவனிக்கவில்லை! வெட்கத்தோடு நான் நின்றபோது அவர் மேலும் ஒரு கேள்வி கேட்டார்.

“நாற்றத்தைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள், சரி. பக்கத்திலேயே மாற்றம் இருக்கிறதே, அதற்குப் பிள்ளைகளிடம் என்ன பொருள் சொன்னீர்கள்?”

“மாறுதல் என்று சொன்னேன், ஐயா.”

அவர் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்து என்னிடம் கொடுத்தார். போட்டி முடிந்து வீடு திரும்பியதும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைத் திறந்தேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939இல் துணைத்தொகுதியும் பெற்ற அந்த நூல் எங்கள் பள்ளி நூலகத்தில் இருந்தது. வேண்டிய தொகுதியை அன்று வீட்டுக்கே எடுத்துச் சென்றிருந்தேன். மாற்றம் என்பதற்குச் சொல் என்றும் மறுமொழி என்றும் பொருள் இருந்தன.

அன்றிரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. சொல்லும் மனமும் எட்டாத நிலையில் இறைவன் நிற்கின்றான் என்று மாணிக்கவாசகர் பாடியதை, மாறுதல் இல்லாமல் நிற்கின்றான் என்று பதினைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லி வந்திருக்கின்றேன். அவர்களும் அதை எழுதி, மதிப்பெண்ணும் பெற்றுச் சென்றிருக்கின்றனர். இதில் வேடிக்கை என்னவெனில், என் விளக்கமும் பொருந்துவது போலவே தோன்றும். இறைவன் மாறாதவன் என்றால் மறுப்பவர் யார்? நாற்றம் சிரிப்பை மூட்டும், ஆகவே பிழை உடனே தெரிந்துவிடும். மாற்றமோ ஒரு சத்தமும் இல்லாமல் தவறான பொருளோடு வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றது. அஞ்ச வேண்டிய சொல் அதுவே.

இந்த இரண்டு சொற்களின் வரலாற்றையும் சற்றே விரிவாகப் பார்ப்போம்.

நாறுதல் என்னும் வினைக்குத் தோன்றுதல், முளைத்தல், மணத்தல் என்னும் பொருள்கள் உண்டு. வயலில் நடும் நாற்று, முளைத்தல் என்னும் பொருளிலிருந்து வந்தது. மணத்தைக் குறிக்கும்போது நல்ல மணம், தீய மணம் என்னும் வேறுபாடு முதலில் இல்லை. திருவள்ளுவர் 27ஆம் குறளில் ஐம்புலன்களை எண்ணும்போது, மூக்கால் அறியப்படுவதற்கு நாற்றம் என்றே பெயர் தருகின்றார். 1274ஆம் குறளில் அரும்புக்குள் அடங்கியிருக்கும் நறுமணத்துக்கும் அதே சொல்தான். ஆண்டாள் திருப்பாவையில் திருமாலின் துளசிக்கு அந்தச் சொல்லைச் சூட்டுகின்றாள். நாச்சியார் திருமொழியில் வெண்சங்கை விளித்து, கண்ணனின் திருவாய் எவ்வாறு மணக்கும் என்று ஆவலோடு வினவும் இடத்திலும் நாறுதல் என்னும் வினையையே ஆளுகின்றாள். இன்று அந்த வினையைக் கொண்டு ஒருவரது வாயைப் பற்றிக் கேட்டால் நட்பு அன்றோடு முடிந்துவிடும்!

பிறகு ஏன் இந்தச் சொல் தாழ்ந்தது? மக்கள் அருவருப்பானவற்றை நேரே சொல்லக் கூசுவர். தீய மணம் என்று சொல்லாமல் மணம் என்று மட்டும் பொதுவாய்ச் சொல்லி நிறுத்துவர். நாளடைவில் அந்தப் பொதுச்சொல்லிலேயே தீமை ஒட்டிக்கொள்ளும். ‘சாக்கடைப் பக்கம் ஒரே வாசனை’ என்று இன்று நாம் சொல்லவில்லையா? வாடைக்கும் ஏற்கெனவே அந்த நிலை வந்துகொண்டிருக்கின்றது. ஆங்கிலத்தில் ‘ஸ்டிங்க்’ என்னும் சொல்லின் முன்னோரும் எல்லா மணத்துக்கும் பொதுவாய் இருந்து, பின்னர் இதே பள்ளத்தில் விழுந்ததுதான். ஆனால், தமிழில் ஒரு புதுமை உண்டு. நாறுதலின் நெருங்கிய உறவான நறு என்னும் அடை மட்டும் பழைய மேன்மையோடு நறுமணம், நறுமலர் என்று வாழ்கின்றது. ஒரே குடும்பத்தில் ஒரு பிள்ளை உயர்ந்தது, மற்றொன்று கெட்ட பெயர் எடுத்தது. மாணிக்கவாசகர் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டு என்பது பலர் கொள்கை, அந்தப் பிள்ளை இன்னும் கெட்டுப்போகவில்லை. மலரிலே மணம் எவ்வளவு நுட்பமாய்க் கலந்திருக்கின்றதோ அவ்வளவு நுட்பமாய் இருப்பவன் இறைவன் என்று கூற அவருக்கு நாற்றமே ஏற்ற சொல்லாய் இருந்தது.

மாற்றத்தின் கதை வேறு. ஒருவர் சொல்ல, மற்றவர் மாறிச் சொல்வது மறுமொழி. அப்படிக் கொடுத்தும் வாங்கியும் மாறுவதால் மறுமொழி மாற்றமாயிற்று, பிறகு பொதுவாகச் சொல்லையே குறித்தது. எழுத்து வழக்கிலிருந்து தமிழன் இந்தப் பொருளை நழுவவிட்டான். அக்கம்பக்கத்தார் நழுவவிடவில்லை. தெலுங்கில் சொல்லுக்கு ‘மாட’ என்று பெயர், கன்னடத்தில் ‘மாது’. இரண்டும் நம் மாற்றத்தின் உடன்பிறப்புகள் என்பது மொழிநூலார் முடிபு. இந்நாளில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கிரிவலத்துக்குத் திரள்திரளாக அடியார்கள் வருகின்றனர். வேங்கிக்காலில் தேநீர்க் கடை வாயிலில் நின்றால் அவர்களது பேச்சில் அந்த ‘மாட’ நூறு முறை காதில் விழும். அகராதியில் நான் தேடிக் கண்ட பொருள், என் வீட்டுத் தெருமுனையில் தேநீர் அருந்திக்கொண்டு நிற்கின்றது!

அதே இடத்தில் மூன்றாவதாகச் சேய் என்னும் சொல்லும் இருக்கின்றது. குழந்தை என்று மாணவர் எழுதுவர். அங்கே அதற்குத் தொலைவு என்பது பொருள். தொலைவில் இருப்பவனும் அவனே, அண்மையில் இருப்பவனும் அவனே என்பது கருத்து. இங்கே பொருள் மாறவில்லை. ஓருருவான சொற்கள் இரண்டு இருந்து, ஒன்று வழக்கில் நின்றது, மற்றொன்று சேய்மை என்னும் வடிவில் ஒதுங்கிக்கொண்டது. ஆக, அடுத்தடுத்த இரண்டே அடிகளில் மூன்று சொற்கள் நம்மை ஏமாற்றக் காத்திருக்கின்றன.

தேர்வு எழுதும் உங்களுக்கு நன்கு பழகிய சொல் ஒன்று உண்டு: கூற்று. ‘கூற்று, காரணம்’ என்று வினாத்தாளில் வருவதை நீங்கள் அறிவீர்கள். திருநாவுக்கரசர் கொடிய சூலை நோயால் துடித்துத் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, திருவதிகையில் பாடிய முதற் பதிகம் இந்தச் சொல்லோடுதான் தொடங்குகின்றது. நான்காம் திருமுறையின் முதற் பதிகம் அது. அங்கே கூற்று என்பது எமன். உடலையும் உயிரையும் கூறுபடுத்துபவன் ஆதலால் அப்பெயர். நோய் எமனைப் போல் வருத்துகின்றது என்று கதறும் ஒருவரது முதற்சொல்லை, ‘சொல்லப்பட்ட செய்தி’ என்று ஒரு மாணவன் பொருள் எழுதியிருந்ததைத் திருத்தியிருக்கின்றேன். அந்த மாணவனுக்கு எமனிடத்தில் அச்சமே இல்லை போலும்.

திருப்பாவையின் இரண்டாம் பாடலில் வரும் ஐயம் சந்தேகம் அன்று, இல்லாதார்க்கு இடும் ஈகை. ஔவையின் ஆத்திசூடியிலும் அது உண்டு. பிறர்க்கு இட்டுவிட்டு உண்க என்னும் அந்த அறிவுரைக்கு, ‘உணவைச் சந்தேகித்து ஆராய்ந்த பிறகே உண்ண வேண்டும்’ என்று ஒருவன் விடை எழுதினான். இக்காலத்து உணவு விடுதிகளை எண்ணிப் பார்க்கையில் அவனுக்கு அரை மதிப்பெண்ணாவது கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகின்றது.

திருவெம்பாவைக்கே திரும்புவோம். மூன்றாம் பாடலில் தோழியின் வெண்மையான நகையை முத்துக்கு ஒப்பிடுகின்றார்கள். அது நகைக்கடையில் வாங்கியது அன்று, அவளது பல்வரிசை, அதில் மலரும் சிரிப்பு. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்தது நகை. இன்று நகைச்சுவை போன்ற கூட்டுச்சொற்களில் மட்டுமே அது சிரிக்கின்றது, மற்ற நேரங்களில் பெட்டகத்துள் பூட்டப்பட்டிருக்கின்றது. ஐந்தாம் பாடலில் தோழியைக் கடை திறக்கச் சொல்கின்றனர். வணிகம் செய்ய அன்று, கதவைத் திறக்க. அதே பாடலின் முடிவில் பரிசு வருகின்றது. இதற்குத் தன்மை, விதம் என்பது பொருள். ‘இதுவோ உன் தன்மை?’ என்று உறங்குபவளை இடித்துரைக்கின்றார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘இப்பரிசு’ என்றால் இவ்விதமாக என்று கொள்ள வேண்டும். எந்தப் போட்டியிலும் யாருக்கும் கோப்பை கொடுக்கவில்லை. பத்தாம் பாடலில் உமையம்மையைப் பேதை என்று குறிப்பதும் அறிவிலி என்னும் பொருளில் அன்று, பெண் என்னும் பொருளில். அறிவின்மையைக் குறிக்கும் பேதைமையும் பழையதே, வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே வகுத்திருக்கின்றார். இவ்விரண்டில் எது எங்கே நிற்கின்றது என்பதை இடம் நோக்கித்தான் அறிய வேண்டும்.

கிறித்தவ மாணாக்கர் சிலரும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பரிசுத்த ஆவி என்று நீங்கள் பாடும்போது வரும் ஆவி, உயிர், உயிர்மூச்சு என்னும் தூய பொருளுடையது. திரைப்படங்களில் நள்ளிரவில் வெள்ளை உடையோடு வருவது வேறு. ஆங்கிலத்தில் இதற்கு நேரான ‘கோஸ்ட்’ என்னும் சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. அங்கே பிற்காலப் பதிப்புகள் பல அச்சொல்லை மாற்றிக்கொண்டன. தமிழில் ஆவி நிலைத்து நிற்கின்றது.

மாற்றுவதா, வைத்துக்கொள்வதா? என் தீர்ப்பை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். சொல்லை மாற்றினால் எதுகை போகும். அதுவும் பெரிதன்று, புதிதாக இட்ட சொல்லும் ஒருநாள் கெட்டுப்போகும் அன்றோ? வாசம் இன்னும் நூறாண்டு மணக்கும் என்று யார் உறுதி கூற முடியும்? ஆதலின், பாடலைத் தொடாமல் பக்கத்தில் பொருளை எழுதுவதே தக்கது. ஜி. யு. போப் என்னும் ஆங்கிலேயர் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1900ஆம் ஆண்டில், தம் எண்பதாம் வயதில் வெளியிட்டார். அவருக்கு இது தாய்மொழி அன்று. ஒவ்வொரு சொல்லையும் ஐயுற்றுப் பொருள் தேடியே அவர் நடக்க வேண்டியிருந்தது. நமக்கோ எல்லாம் தெரிந்த சொல்லாகத் தோன்றுகின்றது, அகராதியைத் தொடுவதில்லை.

பொருளை எழுதிவைக்காமல் ஒலியை மட்டும் காத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து நாடு சான்று. பாங்காக்கு நகரில் தேவஸ்தான் என்னும் கோயிலின் முன் 1784ஆம் ஆண்டில் ஒரு மாபெரும் ஊஞ்சல் நிறுவப்பட்டது. ‘திரியம்பாவை, திரிபாவை’ என்பது அங்கே நிகழும் விழாவின் பெயர். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படித் திரிந்தன. விபத்துகள் நேர்ந்தமையால் 1935இல் ஊஞ்சலாட்டம் நின்றது. விழா நிற்கவில்லை. அங்குள்ள அந்தணர்கள் வழிவழியாக ஓதிவரும் மந்திரங்களில் நம் திருமுறைப் பாடல்கள் இருப்பதை அறிஞர்கள் கண்டறிந்தனர். ஓதுபவர்க்குத் தமிழ் தெரியாது, ஒலியும் பெரிதும் உருமாறிவிட்டது. அவர்களுக்கு அமளி படுக்கையும் அன்று, கூச்சலும் அன்று. கடல் கடந்து போன சொல்லை இத்தனை நூற்றாண்டுகள் தாங்கி நின்ற அந்த உண்மையை எண்ணும்போது தலை வணங்குகின்றது. கூடவே நெஞ்சில் ஒரு கலக்கமும் தோன்றுகின்றது. மலையடிவாரத்தில் இருந்துகொண்டு மாற்றம் என்பதற்கு மாறுதல் என்று சொல்லிக்கொடுத்த நான், அவர்களைவிட எவ்வளவு தொலைவு முன்னே இருந்தேன்?

ஓய்வு பெற்ற பிறகும் மார்கழிதோறும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒப்புவித்தற் போட்டி நடத்தி வருகின்றேன். இப்போது தாளின் இடப்பக்கம் பாடல், வலப்பக்கம் அரிய சொற்களுக்குப் பொருள். நாற்றம் நாற்றமாகவே இருக்கின்றது. ஓதுவார் கோடிட்ட 1998ஆம் ஆண்டுத் தாளும் என் திருவாசகப் புத்தகத்தினுள் பத்திரமாய் இருக்கின்றது. சென்ற முறை முதலிடம் பெற்ற சிறுவனுக்குக் கையடக்கத் தமிழ் அகராதி ஒன்றைக் கொடுத்து, “இந்தா, உனக்குப் பரிசு” என்றேன். அவன் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, சற்றே தயங்கி, “ஐயா, இது எந்தக் காலத்துப் பரிசு?” என்று கேட்டான்.